பலகை மேல் நின்று பாடியவர் – கடிதம்

வணக்கம் ஐயா,

கன்ட்ரி என்ற அமெரிக்க நாட்டுப்பாட்டு இசை பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையில் கனடாப் பாடகர் ஸ்டொம்பின் டொம் கொனர்ஸ் பற்றி இரண்டே வரிதான் இருந்தது. நான் டொரண்டோவின் ஸ்காபரோவில் இருக்கிறேன். மகன் ஐஸ் ஹொக்கி விளையாடுகிறான். அரங்கில் அவருடைய ஹொக்கிப் பாட்டைப் போட்டால் பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து கத்திப் பாடுவார்கள். பாடியவர் யார் என்று இப்போதுதான் தேடினேன். பாட்டுகள் பள்ளிக்கூடப் பிள்ளை எழுதியவை போல இருக்கின்றன, குரலும் பெரிய குரல் இல்லை. இவரை ஏன் இவ்வளவு கொண்டாடுகிறார்கள்? இன்னொன்று. அமெரிக்காவுக்குப் போய்விட்டவர்களுக்கு விருது கொடுக்கிறார்கள் என்று கோபித்துத் தன் விருதுகளையெல்லாம் திருப்பிக் கொடுத்தாராம். பிழைப்புக்காக ஊரை விட்டு வந்தவன் நான். அதை வாசித்தபோது கொஞ்சம் குத்தியது.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

இரண்டு வரியில் அவரைத் தாண்டிப் போனது என் தவறுதான். உங்கள் இரண்டாவது கேள்வி மனதில் நின்றுவிட்டது, அதனால் அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

ஊரை விட்டுப் போவது என்றால் என்னவென்று டாம் கானர்ஸுக்குச் சின்ன வயதிலேயே தெரியும். உண்மையில் விட்டுப் போக அவருக்கு ஓர் ஊரே இருக்கவில்லை. 1936இல் நியூ பிரன்ஸ்விக் மாகாணத்தின் செயின்ட் ஜான் நகரில், மணமாகாத ஓர் இளம்பெண்ணுக்குப் பிறந்தவர். கைக்குழந்தைப் பருவம் தாண்டியதும் தாயோடு சாலையோரம் நின்று, வருகிற வண்டிகளை மறித்து ஏறி ஊர் ஊராகப் போனார், பசிக்குப் பிச்சை எடுத்தார், தாய் சிறையில் இருந்தபோது கொஞ்ச நாள் அவரும் அங்கேயே இருந்தார். அப்புறம் குழந்தைகள் நல அமைப்பு தாயிடமிருந்து பிரித்து அநாதை விடுதியில் சேர்த்தது. பிரின்ஸ் எட்வர்ட் தீவில் ஸ்கின்னர்ஸ் பாண்ட் என்ற சின்ன ஊரில் ஒரு குடும்பம் தத்தெடுத்தது. பதின்மூன்று வயதில் அங்கிருந்தும் ஓடிவிட்டார். அதற்குப் பிறகு பத்து வருஷத்துக்கு மேல் கிதாரோடு கனடாவின் ஒரு கரையிலிருந்து மறுகரை வரை கட்டைவிரலைக் காட்டி வண்டி ஏறி இறங்கியதுதான் அவர் வாழ்க்கை. கிடைத்த வேலையைச் செய்தார், கிடைத்த இடத்தில் படுத்தார். இப்படி வாழ்ந்த ஒருவர் உங்களைப் போலப் பிழைக்க வந்தவரைப் பார்த்து முகம் சுளித்திருப்பார் என்று என்னால் நினைக்கவே முடியவில்லை.

1964இல் ஒன்டாரியோவின் வடக்கே தங்கச் சுரங்க ஊரான டிம்மின்ஸ் வந்து சேர்கிறார். மேப்பிள் லீஃப் ஹோட்டலில் ஒரு பியர் கேட்கிறார், கையில் ஐந்து சென்ட் குறைகிறது. பார் ஊழியர் அவரிடம் இருந்த கிதாரைப் பார்த்துவிட்டு, இரண்டு பாட்டுப் பாடு, பியர் தருகிறேன் என்கிறார். பாடினார். அந்த இரண்டு பாட்டு பதினான்கு மாத ஒப்பந்தமாக நீண்டது. உள்ளூர் வானொலியில் வாராவாரம் ஒரு நிகழ்ச்சியும் கிடைத்தது.

நீங்கள் பெரிய குரல் இல்லை என்கிறீர்கள். ஆமாம், இல்லைதான். ஆனால் அவர் யாருக்கு, எங்கே பாடினார் என்று பாருங்கள். ஷிஃப்ட் முடித்து வந்த சுரங்கத் தொழிலாளர்கள் நிறைந்த மதுக்கூடம், கண்ணாடிக் குவளைச் சத்தம், சிரிப்பு, சண்டை. மைக் இருந்தாலும் தாளம் கேட்காது. அதனால் இடது காலின் பூட்ஸ் குதிகாலால் தரையை ஓங்கி மிதித்துத் தாளம் போட்டார். தரை பாழாகிறது என்று கடைக்காரர்கள் புலம்பவே, ஒரு ப்ளைவுட் பலகையைக் கையோடு கொண்டுவந்து காலடியில் போட்டுக்கொண்டார். பழைய வீடியோக்கள் இருக்கின்றன, பாருங்கள். பாட்டு ஏற ஏறக் குதிகால் பட்ட இடத்தில் பலகை பிய்ந்து சிராய்கள் தெறிக்கும், முடிந்ததும் பலகையைத் தூக்கித் தூளைத் தட்டுவார், கூட்டம் கத்தும். ஸ்டாம்பின் டாம், அதாவது மிதித்துப் பாடுகிற டாம் என்ற பெயரே 1967 ஜூலை 1, கனடாவின் நூறாவது பிறந்தநாளன்று, பீட்டர்பரோவின் ஒரு மதுக்கூடத்தில் பரிமாறுகிற ஒருவர் அறிமுகம் செய்துவைக்கும்போது வாயில் வந்தது. எனக்கு இது ரொம்பப் பிடிக்கும். பட்டம் கொடுத்தது எந்தச் சபையும் இல்லை.

பாட்டுகள் எளிமையானவை என்பதும் சரி. உருளைக்கிழங்கு மூட்டைகளை ஏற்றிக்கொண்டு பிரின்ஸ் எட்வர்ட் தீவிலிருந்து டொராண்டோவுக்கு லாரி ஓட்டுகிற ஒருவன், அவன் வேகத்தைப் பிடிக்காத ஒன்டாரியோ போலீஸ். இதுதான் பட் த ஸ்பட் என்ற பாட்டு. சட்பரியின் நிக்கல் தொழிலாளர்கள் சனிக்கிழமை ராத்திரி குடித்துக் கம்பெனியை மறக்க, மனைவிகள் பிங்கோ என்ற எண் விளையாட்டு ஆடப் போவது இன்னொரு பாட்டு. 1963இல் ஒன்டாரியோவின் ரீசர் சைடிங்கில் மரம்வெட்டும் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்தில் மூன்று பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்களே, அதற்கும் ஒரு பாட்டு வைத்திருக்கிறார். அந்தந்த ஊர்க்காரர்கள் தங்கள் ஊர்ப் பெயரை ஒரு பாட்டில் கேட்டது அதுதான் முதல் தடவையாக இருந்திருக்கும். அதுவரை கன்ட்ரி பாட்டு என்றால் டென்னசி, டெக்சாஸ். அந்த வரிகளை இன்னும் அழகாகச் செதுக்கியிருந்தால், எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் இரண்டாவது தடவையே கூடச் சேர்ந்து பாடியிருக்க முடியாது. உங்கள் மகன் பாடுகிற ஹாக்கிப் பாட்டும் அப்படித்தான், ஆட்டத்துக்கு மூன்று பகுதி, பாட்டுக்கும் மூன்று சரணம்.

சரி, விருதுக்கு வருகிறேன்.

ஜூனோ என்பது கனடாவின் இசை விருது. 1978இல் தான் வாங்கிய ஆறு ஜூனோ விருதுகளையும் திருப்பி அனுப்பினார். அமெரிக்காவில் இருந்துகொண்டு அங்கேயே வேலை பார்க்கிறவர்களுக்கு ஏன் கனடாவின் விருது, இங்கேயே ஊர் ஊராகப் பாடுகிறவனை யார் பார்ப்பது என்பது அவர் கேள்வி. எல்லை தாண்டிக் குதிப்பவர்கள் என்று கொஞ்சம் கடுமையாகவே சொன்னார். அந்தச் சொல்தான் உங்களைக் குத்தியிருக்கும். ஆனால் அவர் ஆதர்சமாகக் கொண்ட பாடகர் ஹாங்க் ஸ்னோவே கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் பிறந்து, அமெரிக்காவில் கன்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்வில் போய்ப் புகழ் பெற்றவர். போனவரின் பாட்டைக் கேட்டு வளர்ந்தவர்தான் டாம். அவர் சண்டை விருதுக் குழுவோடும், வானொலியோடும், இசைக் கம்பெனிகளோடும். வானொலியில் 30 சதவீதம் கனடியப் பாட்டு போட வேண்டும் என்ற விதி 1971இலேயே வந்துவிட்டது, ஆனாலும் அவர் பாட்டைப் போட ஆளில்லை. அந்த வருத்தத்தைப் பொறாமை என்று சொல்ல எனக்கு மனம் வராது. கோபத்துக்கு அவர் கொடுத்த விலை அப்படி. பாடுவதை நிறுத்தினார், ஒரு வருஷம் என்று தொடங்கியது பத்து வருஷம் ஆனது. நாற்பத்திரண்டு வயதில், நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஒருவர், பத்து வருஷம். 1988இல்தான் அடுத்த ஆல்பம் வந்தது. ஹாக்கிப் பாட்டு அரங்கங்களில் ஒலிக்கத் தொடங்கியது அதற்கும் பிறகு, 1992 வாக்கில் ஒட்டாவாவில்.

ஒன்று மட்டும் அவரோடு எனக்கு உடன்பாடில்லை. அதே டிம்மின்ஸில் வறுமையில் வளர்ந்து, எட்டு வயதில் மதுக்கூடங்களில் பாடிக் காசு கொண்டுவந்தவர் பாடகி ஷனையா ட்வைன். 1987இல் பெற்றோர் விபத்தில் இறந்துபோக, ஒரு விடுதியில் பாடித் தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொண்டார். அதற்கப்புறம் நாஷ்வில் போய் உலகம் முழுக்க அறியப்பட்டார். அவர் போனதைத் தவறு என்று யார் சொன்னாலும் நான் கேட்கமாட்டேன். நீங்கள் போனதையும் அப்படித்தான்.

டாம் 2013 மார்ச் 6 அன்று ஒன்டாரியோவில் இறந்தார், 77 வயது. ரசிகர்களுக்கு ஒரு கடிதம் எழுதி வைத்திருந்தார், நன்றி சொல்லி.

ஹாக்கிப் பாட்டோடு நிறுத்திவிடாதீர்கள். டில்சன்பர்க் என்ற பாட்டைக் கேளுங்கள். புகையிலை பறித்து முதுகு ஒடிந்த கதை, அந்த ஊர்ப் பெயரைக் கேட்டாலே முதுகு வலிக்கிறது என்கிறார். உங்கள் வீட்டிலிருந்து காரில் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட இருக்கலாம். போனால் மகனையும் கூட்டிப் போங்கள், வந்து எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.