சாயம் உள்ளே இறங்கியதா? கிட்டாரில் மர வடிவம் பதிக்கும் வேலை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மேப்பிள் துண்டை நீலச் சாயத்தில் இரண்டு நாள் ஊறவைத்து, 1.5 மி.மீ. தடிமனில் இலை வடிவம் வெட்டி கிட்டார் கழுத்தின் 12-ஆம் ஃபிரெட்டில் (குறுக்கே பதித்த உலோகக் கம்பி) பதித்தேன். வளைவுக்கு ஏற்ப உப்புத்தாள் போட்டதும் நடுவில் நீலம், ஓரங்களில் வெள்ளை. எங்கே தவறு?

பதில்: சாயம் மேற்பரப்போடு நின்றுவிட்டது. ஃபிரெட்போர்டு, அதாவது ஃபிரெட்டுகள் பதித்த பலகை, குறுக்குவாட்டில் வளைவாக இருக்கும். 12 அங்குல (305 மி.மீ.) ஆரத்தில் 40 மி.மீ. அகலத் துண்டு நடுவில் மட்டமாக இருந்தால், ஓரங்கள் 0.66 மி.மீ. தூக்கி நிற்கும். அரை அகலத்தின் வர்க்கத்தை ஆரத்தின் இரு மடங்கால் வகுத்தால் இந்த அளவு வரும். அதைத் தேய்த்தே ஆக வேண்டும். உங்கள் சாயம் அந்த ஆழத்துக்குப் போகவில்லை. பின்னாளில் ஃபிரெட் மாற்றும்போது இன்னும் கொஞ்சம் தேயும். அதனால் அகலமான வடிவங்களுக்கு 2 மி.மீ. தடிமனும், ஊடுருவிய சாயமும் தேவை.

இதற்குத்தான் ரெசின் (இறுகிப் பிளாஸ்டிக் போலாகும் திரவம்) ஏற்றிய மரம். பாப்லர், மேப்பிள் முண்டு (மரத்தில் புடைத்து வளரும் பகுதி) போன்ற நுண்துளையுள்ள மரங்கள் பொருந்தும். ஈட்டி, கருங்காலி வேண்டாம். அவற்றின் அடர்த்தியும் எண்ணெயும் ரெசினை உள்ளே விடாது. 5 மி.மீ. பலகைகளாக அறுத்து, 105 டிகிரி செல்சியஸில் 24 மணி நேரம் உலர்த்துங்கள். எடை குறைவது நின்றால்தான் உலர்ந்தது என்று பொருள். பிறகு காற்றுப் புகாத பையில் ஆறவிடுங்கள், வெளியே வைத்தால் ஈரத்தைத் திரும்ப இழுத்துக்கொள்ளும். ஈரம் மிச்சமிருந்தால் ரெசின் சரியாக இறுகாது; பெரும்பாலான தோல்விகளுக்கு இதுவே காரணம்.

சூட்டில் இறுகும் மெத்தாக்ரிலேட் ரெசினில், ரெசினுக்கென்றே உள்ள சாயத்தைக் கலந்து, பலகை மிதக்காதபடி கனம் வைத்து மூழ்கடியுங்கள். குமிழி வருவது நிற்கும் வரை, மூடிய கலத்திலிருந்து காற்றை உறிஞ்சும் வேக்குவம் பம்ப் ஓடட்டும். உண்மையில் ரெசின் உள்ளே போவது பம்பை நிறுத்திக் காற்றை உள்ளே விட்ட பிறகுதான். ஆகவே பம்ப் ஓடியதைப்போல் இரு மடங்கு நேரம் அப்படியே ஊறட்டும். பிறகு அலுமினியத் தாளில் சுற்றி ஏறத்தாழ 95 டிகிரி செல்சியஸில் இறுக்க வேண்டும். பலகையின் நடுவும் அந்தச் சூட்டை அடைந்தபின் இன்னும் ஒரு மணி நேரமாவது. புகை வரும், சமையலறை ஓவனைத் தொடாதீர்கள். இறுகியதும் ஒரு முனையை அறுத்துப் பாருங்கள். குறுக்குவெட்டில் வெளிறிய திட்டு தெரிந்தால் அந்தப் பலகையைக் குறுகிய வடிவங்களுக்கு மட்டும் ஒதுக்குங்கள்.

கேள்வி: ரெசின் ஏற்றிய நீலத் துண்டைத் தச்சு வேலைக்கான வெள்ளைப் பசையில் ஒட்டினேன், துண்டு கழன்று வந்துவிட்டது. சுற்றியுள்ள மேப்பிளில் நீலமும் ஏறிவிட்டது.

பதில்: துளைகளை ரெசின் அடைத்துவிட்டதால் அந்தப் பசைக்குப் பிடிமானம் இல்லை. ஒட்டும் முகத்தை 120 எண் உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, ஸ்பிரிட்டால் துடைத்து, மெதுவாக இறுகும் எபாக்ஸியில் ஒட்டுங்கள். நீர்த்த சூப்பர் க்ளூ வெளிர் மரத்துக்குள் ஓடிக் கறையாகும்.

ஏறிய நீலம் பெரும்பாலும் தூள். பள்ளம் தோண்டும் முன்பே மேப்பிளுக்கு ஒரு கை அரக்கு பாலிஷ் போட்டால் துளைகள் மூடிக்கொள்ளும். மட்டம் செய்யும்போது முதலில் ஸ்கிரேப்பரால் சுரண்டுங்கள்; தூளைத் துடைக்காமல் வேக்குவம் க்ளீனரால் உறிஞ்சுங்கள். கடைசியில் 320, 400, 600 எண் உப்புத்தாள்கள். ஸ்பிரிட் நனைத்த பஞ்சில் நிறம் ஒட்டினால், ரெசின் ஏறாத பகுதி என்று அர்த்தம். அதன்மேல் ஃபிரெஞ்சு பாலிஷ் (ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு) போட்டால் சாயம் கரைந்து பரவும்.

கேள்வி: ரெசின் ஏற்றினால் நிறம் மங்காதா?

பதில்: மங்கும். ரெசின் ஈரத்தையும் சுருக்கத்தையும் கட்டுப்படுத்தும், வெளிச்சத்தைத் தடுக்காது. உலோகக் கூட்டுச் சாயங்கள் (மூலக்கூறில் உலோகம் இணைந்தவை) மற்றவற்றைவிட நெடுநாள் தாங்கும். சாயமே இல்லாத பச்சை ஒன்றும் உண்டு: குளோரோசிபோரியா என்ற பூஞ்சை மரத்துக்குள் ஊட்டும் நீலப்பச்சை. 15-ஆம் நூற்றாண்டு இத்தாலிய மரப்பதிப்புக் கலைஞர்களும், பின்னர் இங்கிலாந்தின் டன்பிரிட்ஜ் கைவினைஞர்களும் இதைப் பயன்படுத்தினார்கள். அந்த வேலைகளில் பச்சை இன்றும் தெரிகிறது, எங்களுக்குப் பிடித்த நிறமும் அதுதான். நீங்கள் வாங்கிய சாயத்தைச் சோதிக்க, ஒரு பட்டையின் பாதியை அலுமினியத் தாளால் மூடி, வெயில் படும் ஜன்னலில் ஒரு மாதம் வைத்து இரு பாதிகளையும் ஒப்பிடுங்கள்.