டிராவல் நர்ஸ் வேலைக்குப் போக எத்தனை வருட அனுபவம் வேண்டும்?

அமெரிக்காவில் இதற்கு, அதாவது ஏஜென்சி மூலம் ஊர் ஊராகப் போய்க் குறுகிய கால ஒப்பந்தத்தில் நர்ஸாக வேலை பார்ப்பதற்கு, சட்டப்படி இத்தனை வருடம் என்று எதுவும் கிடையாது, ஆனால் ஆர்.என். (பதிவு பெற்ற நர்ஸ்) லைசென்ஸ் மட்டும் வைத்துக்கொண்டு போனால் ஏஜென்சிகள் எடுக்க மாட்டார்கள். பொதுவாக உங்கள் பிரிவிலேயே ஒரு வருடமாவது கேட்பார்கள், ஐசியு மாதிரி இடங்களுக்குப் பெரும்பாலும் இரண்டு. சாதாரண வார்டில் ஐந்து வருடம், ஐசியுவில் ஆறு மாதம் என்றால் ஐசியு வேலைக்கு அந்த ஐந்து வருடம் பெரிதாகக் கணக்கில் வராது.

ஏன் இவ்வளவு கறார்? ஒப்பந்தமே வழக்கமாக 13 வாரம்தான், அதில் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்க யாருக்கும் நேரமில்லை. ஓரிரு ஷிஃப்ட் ஓரியன்டேஷன், அதிலும் பாதி கம்ப்யூட்டரில் பதிவு செய்வது எப்படி, மருந்து எங்கே இருக்கிறது என்பதிலேயே போய்விடும், அப்புறம் நோயாளிகள் முழுக்க உங்கள் பொறுப்பு. ஆள் குறைந்த வேறு வார்டுக்கு முதலில் அனுப்புவதும் பெரும்பாலும் டிராவல் நர்ஸைத்தான்.

ஒரு வருடத்திலேயே எடுத்துக்கொண்டாலும் இரண்டு முடித்துவிட்டுப் போங்கள் என்பேன். நோயாளியின் நிலை மோசமாகப் போகிறது என்று மானிட்டர் கத்துவதற்கு முன்பே உங்களுக்குப் புரிகிறதா, நள்ளிரவில் டாக்டரை எழுப்பத் தயங்காமல் இருக்கிறீர்களா, அதைப் பாருங்கள்.

அதற்குள் பிஎல்எஸ், ஏசிஎல்எஸ் (அடிப்படை, மேம்பட்ட உயிர்காப்புப் பயிற்சிகள்) முடித்துவிடலாம். கலிபோர்னியா ஆசை இருந்தால் அது காம்பாக்ட் மாநிலம் (ஒரே லைசென்ஸ் பல மாநிலங்களில் செல்லும் உடன்படிக்கையில் சேர்ந்தது) இல்லை, தனி லைசென்ஸ் வேண்டும், சீக்கிரமே விண்ணப்பித்துவிடுங்கள்.