விஆரில் (மெய்நிகர் உலகில்) பயனரைப் பத்தில் ஒரு பங்காகச் சுருக்கினால் கிட்ட இருக்கும் பொருட்கள் மறைவது ஏன்?

யூனிட்டி என்ற கேம் உருவாக்கும் மென்பொருள் என்றால், கேமராவின் நியர் கிளிப்தான் காரணம், அதாவது அந்தத் தூரத்தைவிடக் கிட்ட இருப்பதைக் கேமரா வரையாது. எக்ஸ்ஆர் ஒரிஜினின் (பயனரின் தலை, கைகளைத் தாங்கும் அடிப்படைப் பொருளின்) ஸ்கேலை, அதாவது அளவு மடங்கை, 0.1 ஆக்கியதும் கண்களின் இடைவெளி 64 மி.மீ.யிலிருந்து 6.4 மி.மீ.க்குத் தானே இறங்கும். நியர் கிளிப் இறங்காது. யூனிட்டி கேமராவின் இயல்பான 0.3 மீட்டரிலேயே விட்டிருந்தால் அப்படியே நிற்கும். சுருங்கியவருக்கு அது 3 மீட்டர் தூரம், அதற்குள் எதுவும் வரையப்படாது. நியர் கிளிப்பை 0.03 ஆக்குங்கள். நடைவேகத்தையும் ஸ்கேலால் பெருக்குங்கள், இல்லாவிட்டால் தலைசுற்றும்.

பெரிதாக்கும்போது வேறு வம்பு. ஒரிஜின் அறை நடுவில், தலை 1.5 மீட்டர் தள்ளி என்றால், 100 மடங்கில் ஆள் சுமார் 150 மீட்டர் தள்ளிப் போய் நிற்பார். ஸ்கேலுக்கு முன் தலை இருந்த இடத்தைக் குறித்துவைத்து, மாற்றியபின் அந்த வித்தியாசத்தைக் கிடைமட்டமாக மட்டும் ஒரிஜினிலிருந்து கழியுங்கள். உயரத்தையும் கழித்தால் கால் தரைக்குள் புதைந்துவிடும்.

எறும்பளவுக்குப் போவதானால் ஆளைச் சுருக்காமல் அவர் நிற்கும் மேசை போன்ற சுற்றுப்புறத்தைப் பெரிதாக்குவதே மேல். நுண்ணிய அளவில் பொருட்கள் ஒன்றோடொன்று மோதுவதைக் கணக்கிடுவது தடுமாறும்.