அந்தப் படங்கள் யாருடையவை என்று கேட்டீர்களா?

கேள்வி: டோக்கியோவில் மென்பொருள் வேலையில் இருக்கிறேன். நாகானோ மாகாணத்துச் சிற்றூர் ஒன்றில் 1974இல் கட்டிய மரவீடு 28 லட்சம் யென்னுக்கு வருகிறது. நகராட்சியின் காலிவீட்டுப் பட்டியலில் பார்த்தேன். பழைய பிரிட்ஜ், மெத்தைகள், புத்தர் மாடம், இரண்டு பெரியவர்களின் படங்கள் எல்லாம் உள்ளே அப்படியே கிடக்கின்றன. நாங்களே அகற்றிக்கொண்டால் விலையைக் குறைப்பார்களாம். மனைவி தயங்குகிறாள். வாங்கலாமா?
- ஒரு வாசகர், டோக்கியோ

பதில்: தம்பி, பிரிட்ஜுக்கும் மெத்தைக்கும் அடுத்தபடியாக இரண்டு பெரியவர்களின் படத்தையும் எழுதிவிட்டு, விலை குறையுமா என்று போய்விட்டீர்கள். எனக்கு அங்கேதான் கோபம் வந்தது.

அந்த மாடத்தைத் திறந்து பார்த்தீர்களா? இறந்தவர்களின் பெயர் எழுதிய சிறு பலகைகள் உள்ளே இருக்கும். அதன் முன்னால் சோறும் தண்ணீரும் வைத்து, மணி தட்டிக் கும்பிடுவது அந்த ஊர் வழக்கம். அதையே விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள் என்றால், வந்து எடுத்துப்போக ஆளே இல்லாமல் இருக்கலாம். இல்லை, யார் எடுத்துப்போவது என்று பிள்ளைகளுக்குள் இன்னும் முடிவாகாமல் இருக்கலாம். முடிவாகவில்லை என்றால் வீடும் முடிவாகியிருக்காது.

முதலில் சொத்துப் பதிவேட்டின் நகலை வாங்குங்கள். கட்டணம் கட்டினால் யாருக்கும் தருவார்கள். அதில் இறந்துபோன தாத்தாவின் பெயரே இருந்தால், வாரிசுப் பதிவு முடியாமல் வீடு உங்கள் பெயருக்கு மாறாது; வாரிசுகள் எல்லோரும் சம்மதிக்க வேண்டியிருக்கும். 2024 ஏப்ரலிலிருந்து வாரிசுப் பதிவு கட்டாயம்தான். ஆனாலும் பதியாத வீடுகள் இன்னும் நிறைய.

பெற்றவர்களின் படத்தை அப்புறப்படுத்தும் வேலையை, விலையில் கொஞ்சம் தள்ளுபடி தந்து வெளியாளிடம் ஒப்படைப்பதை நான் ஏற்கமாட்டேன். அதை வாங்கிக்கொள்வதையும் ஏற்கமாட்டேன். வாரிசுகளை வரச் சொல்லுங்கள். எடுத்துப்போக இடமில்லை என்றால், கோயில் பிட்சுவை அழைத்து முறைப்படி வழியனுப்பட்டும், செலவு அவர்களுடையது. ஒருவருமே இல்லை என்றால் நீங்களும் மனைவியும் கூட நின்று செய்யுங்கள். அந்தப் பெண் ஏன் தயங்குகிறாள் என்று ஒரு வரிகூட நீங்கள் எழுதவில்லை. இன்றைக்கே கேளுங்கள்.

சரி, மற்றவை. 1981 ஜூனில் ஜப்பானின் நிலநடுக்கக் கட்டட விதிகள் கடுமையாயின. உங்கள் வீடு அதற்கு முந்தியது. 2024 புத்தாண்டு அன்று நோட்டோ தீபகற்பத்தை உலுக்கிய நிலநடுக்கத்தில் இடிந்தவற்றில் பழைய மரவீடுகள் ஏராளம். நிலநடுக்கத் தாங்குதிறன் சோதனைக்கு நகராட்சி உதவி உண்டா என்று விசாரியுங்கள். கரையான், கழிவுநீர்த் தொட்டி, குளிரில் உறையும் குழாய், மூன்றையும் தெரிந்த ஆளை வைத்துப் பாருங்கள். வீடு வாங்குவதால் விசா கிடைக்காது என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும்.

இன்னொன்று. வார இறுதியில் வந்து போகிற வீடாக நினைத்திருந்தால் இதை விட்டுவிடுங்கள். சின்ன ஊரில் வாய்க்கால் தூர்வாருவது, புல் வெட்டுவது, பனி தள்ளுவது எல்லாம் கூடிச் செய்கிற வேலை. நீங்கள் வராவிட்டால் உங்கள் பங்கையும் சேர்த்துச் செய்யப்போவது எழுபது வயதைத் தாண்டிய பக்கத்து வீட்டுக்காரர்கள். முன்பணம் கொடுப்பதற்கு முன்பே அந்தக் குடியிருப்புச் சங்கத் தலைவரைப் போய்ப் பாருங்கள். சந்தா எவ்வளவு, வேலை நாட்கள் எவை என்று கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள்.