பச்சை வாளி, நீல வாளி: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

பதில் சொல்பவர்: ஓய்வுபெற்ற நகராட்சித் துப்புரவு ஆய்வாளர்

கேள்வி: மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று ஒழுங்காகப் பிரித்துத்தான் கொடுக்கிறோம். தெருமுனைக்குப் போனதும் இரண்டையும் ஒரே லாரியில் கொட்டுகிறார்கள். பிறகு எதற்கு இந்த வேலை?
(வாசகி, திண்டுக்கல்)

பதில்: ஒளிப்பானேன், என் வார்டிலும் இது நடந்திருக்கிறது. ஏழு வண்டி ஓட வேண்டிய இடத்தில் நான்குதான் ஓடும். பத்து மணிக்குள் தெரு சுத்தமாக இருக்க வேண்டும் என்று மேலிருந்து போன் வரும். "எல்லாத்தையும் ஏத்துப்பா" என்று சொன்னவன் நான்தான்.

ஆனால் உங்கள் குப்பை லாரிக்குப் போவதற்கு முன் ஒரு கை அதைத் தொடுகிறது. என்னிடம் வேலை பார்த்த ஒரு அம்மா, சாம்பார் சாதம் கலந்த பையைத் துழாவும்போது உடைந்த டியூப்லைட் துண்டு உள்ளங்கையில் ஏறிவிட்டது. மூன்று தையல். "கையுறை கொடுத்தோமேம்மா?" என்றேன். "அதைப் போட்டா பால் கவர் கையில சிக்க மாட்டேங்குது சார்" என்றார். பால் கவரைப் பொறுக்கிப் பழைய பேப்பர் கடையில் போட்டால்தான் அவருக்கு டீச் செலவு. அதிலும் குழம்பு ஒட்டிய கவரைக் கடைக்காரர் தொட மாட்டார்.

அதனால் பால் கவரை அலசிக் காயவைத்துத் தனிப் பையில் கொடுங்கள். உடைந்த கண்ணாடி, பிளேடு இருந்தால் நாளிதழில் நான்கு சுற்று சுற்றி, கையில் கொடுக்கும்போதே வாயாலும் சொல்லிவிடுங்கள். நாப்கினும் டயப்பரும் அப்படித்தான், சுற்றித் தனியாக.

லாரி விஷயத்துக்கு வருவோம். பிரித்து வாங்கியதைக் கலக்காமல் கொண்டுபோவது உள்ளாட்சியின் கடமை என்று திடக்கழிவு விதிகளிலேயே இருக்கிறது. வண்டி எண், நேரம், படம் மூன்றையும் வைத்து நகராட்சிக்கு எழுதுங்கள். வண்டிக்காரரோடு சண்டை வேண்டாம். எத்தனை வண்டி ஓட வேண்டும் என்று முடிவு செய்கிறவர் அவர் இல்லை.

கேள்வி: மொட்டை மாடியில் தொட்டி வைத்து உரம் தயாரிக்கிறேன். நாற்றம் தாங்கவில்லை, கொழுத்த புழு வேறு. தூக்கி எறியச் சொல்கிறார் மாமியார்.
(வாசகி, தஞ்சாவூர்)

பதில்: நாறினால் ஈரம் கூடிவிட்டது, காற்று போகவில்லை என்று பொருள். ஒரு பங்கு காய்கறிக் கழிவு போட்டால் இரண்டு பங்கு காய்ந்த இலையோ தென்னை நார்த்தூளோ போட்டுக் கிளறுங்கள். ஒரு கைப்பிடி அள்ளிப் பிழிந்து பாருங்கள். ஓரிரு சொட்டுக்கு மேல் வடியக் கூடாது. மீந்த குழம்பு, மீன் செதில் எல்லாம் இந்தத் தொட்டிக்கு ஆகாது.

வெளிர் பழுப்பாக, தட்டையாக இருந்தால் அந்தப் புழு ஒருவகைக் கறுப்பு ஈயின் குஞ்சு. வீட்டு ஈயைப் போல அது வளர்ந்து சோற்றில் வந்து மொய்க்காது. கழிவை நம்மைவிட வேகமாகத் தீர்த்துவிடும். மாமியாரிடம் மூன்று மாதம் தவணை கேளுங்கள். மண்வாசனை வந்த பிறகு ஒரு பிடி அள்ளி அவருடைய கறிவேப்பிலைச் செடிக்கே போடுங்கள்.

கேள்வி: பக்கத்து மனைக்காரர் தினமும் மாலையில் பிளாஸ்டிக்கோடு சேர்த்துக் குப்பையைக் கொளுத்துகிறார். என் மகனுக்கு வீசிங் இருக்கிறது.
(வாசகர், ஓசூர்)

பதில்: தெருவோரத் தீயில் போதிய சூடு இருக்காது. பிவிசி குழாயோ ஒயரோ அதில் வெந்தால் டையாக்சின் என்ற நச்சு கிளம்பும். திறந்தவெளியில் குப்பை எரிக்கத் தடை உண்டு. 2016 டிசம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் இதற்கு 5,000 ரூபாயும், மொத்தமாக எரித்தால் 25,000 ரூபாயும் வசூலிக்கச் சொன்னது. முதலில் பையனின் இன்ஹேலரைக் காட்டி நேரில் பேசிப் பாருங்கள். பாதிப் பேர் அதிலேயே நிறுத்திவிடுவார்கள். நிறுத்தாவிட்டால் எழுத்துப் புகார்தான்.

கேள்வி: டெங்கு என்று சொல்லிக்கொண்டு வந்து வீட்டு நல்ல தண்ணீரைக் கொட்டுகிறார்கள். நாறுகிற சாக்கடையை ஏன் விட்டுவிடுகிறார்கள்?
(வாசகர், கடலூர்)

பதில்: சாக்கடையில் பெருகுவது பெரும்பாலும் வேறு கொசு. டெங்குவைப் பரப்பும் ஏடிஸுக்கு உங்கள் வீட்டுத் தெளிந்த தண்ணீர்தான் பிடிக்கும். சாக்கடையைத் தூர்வார வேண்டாம் என்று சொல்லவில்லை, அதற்குத் தனியாகக் கேளுங்கள்.

தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. முட்டை தொட்டிச் சுவரில் நீர்மட்டத்தை ஒட்டிப் பிடித்துக்கொண்டிருக்கும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது. வாரம் ஒருமுறை தேங்காய் நார் போட்டு அழுத்தித் தேய்த்துக் கழுவுங்கள். ஆட்டுக்கல், கொட்டாங்குச்சி, பழைய டயர் எல்லோருக்கும் தெரியும். ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் ஒரு தட்டு இருக்கும், அதை யாரும் பார்ப்பதில்லை. நான் ஓய்வு பெற ஆறு மாதம் இருந்தபோது என் ஊழியர் ஒருவர் அந்தத் தட்டிலிருந்து ஒரு கரண்டி தண்ணீர் எடுத்து, டார்ச் அடித்து நெளிகிற புழுவைக் காட்டினார். அது என் வீட்டு ஃப்ரிட்ஜ்.