நைட்டுக்கு எதற்கு ‘கே’?

கேள்வி: போர்வீரனைக் குறிக்கும் ‘நைட்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு ஆறு எழுத்து. அதில் கே, ஜி, ஹெச் மூன்றும் வாயே திறப்பதில்லை. கடனைக் குறிக்கும் ‘டெட்’டின் நடுவில் ஒரு ‘பி’ சும்மா உட்கார்ந்திருக்கிறது. ஒலிக்கிறபடி எழுதும் தமிழைப் பார்த்தாவது ஆங்கிலேயர்கள் சட்டம் போட்டு ஸ்பெல்லிங்கைத் திருத்தியிருக்கக் கூடாதா? என் மகள் டிக்டேஷன் என்றாலே அழுகிறாள். (ஒரு வாசகி, கும்பகோணம்)

பதில்: முதலில் அந்த ‘ஒலிக்கிறபடி எழுதும் தமிழ்’. நீங்கள் சொல்லும் ‘பி’ பேபியில் வரும் பி-யா, பேப்பரில் வரும் பி-யா? நம் எழுத்தில் இரண்டும் ஒன்றுதான். இந்தப் பதில் முழுக்க நான் அதைச் சொல்லிச் சொல்லிப் பிரிக்க வேண்டியிருக்கிறது. ‘செய்துகொண்டிருக்கிறாள்’ என்று எழுதுகிற கையோடு ‘செஞ்சிட்டிருக்கா’ என்றுதானே பேசுகிறோம்? ஆகவே கல்லைக் கொஞ்சம் மெதுவாக எறியுங்கள்.

நைட்டின் ஆறு எழுத்தில் ஒன்றுகூட வீண் இல்லை. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தில் அந்தச் சொல்லை ஏறக்குறைய ‘க்னிஃட்’ என்று சொன்னார்கள். தொடக்கத்தில் ‘க்’ நன்றாகக் கேட்கும். நடுவில் தொண்டையை உரசிக்கொண்டு ஓர் ஒலி வரும்; ‘அஃது’ என்று அழுத்திச் சொன்னால் கிட்டத்தட்ட அதைப் பிடித்துவிடலாம். பழைய ஏடுகளில் அந்த உரசலுக்கு வெறும் ஹெச் போட்டார்கள். 1066-இல் பிரான்ஸின் நார்மண்டியிலிருந்து வந்த நார்மானியர்கள் நாட்டைப் பிடித்த பிறகு, பிரெஞ்சு முறையில் பழகிய எழுத்தர்கள் காலப்போக்கில் அதற்கு முன்னால் ஒரு ஜி-யையும் சேர்த்தார்கள். பிற்காலத்தில் உரசல் தேய்ந்து மறைந்தது. லாஃப், காஃப், இனஃப் போன்ற சில சொற்களில் மட்டும் ‘ஃப்’ ஆகி ஒட்டிக்கொண்டது. ‘க்’ போனது 17-ஆம் நூற்றாண்டின் கடைசி வாக்கில்தான். முழங்காலுக்கு ஆங்கிலேயர் ‘நீ’ என்கிறார்கள். அதே சொல்லை ஜெர்மானியர்கள் இன்றைக்கும் ‘க்னீ’ என்றே சொல்கிறார்கள்.

ஒலி மாறினால் எழுத்தும் மாற வேண்டியதுதானே என்பீர்கள். மாறிக்கொண்டுதான் இருந்தது. கையால் எழுதிய காலத்தில் அவரவர் ஊர்ப் பேச்சை அவரவர் எழுதினார்கள். 1476-இல் வில்லியம் காக்ஸ்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் இங்கிலாந்தின் முதல் அச்சகத்தைத் திறந்தார். அப்போதுதான் எந்த ஊர்ப் பேச்சை அச்சுக் கோப்பது என்ற தலைவலி தொடங்கியது. 1490-இல் தாம் வெளியிட்ட ஒரு நூலின் முன்னுரையில் அவரே ஒரு சம்பவத்தைச் சொல்கிறார். தேம்ஸ் நதியிலிருந்து நெதர்லாந்துப் பக்கத்து ஸீலாந்துக்குக் கிளம்பிய வணிகர்கள் சிலர் காற்றில்லாமல் வழியில் கரையிறங்குகிறார்கள். அவர்களில் ஒருவர் ஒரு வீட்டில் போய் ‘எக்ஸ்’ என்று முட்டை கேட்கிறார். ‘எக்ஸ்’ என்பது வடக்கத்திப் பேச்சு, வைக்கிங்குகள் கொண்டுவந்த சொல். அந்த வீட்டுக்காரம்மா, “எனக்குப் பிரெஞ்சு தெரியாதே” என்கிறார். எனக்கு மட்டும் தெரியுமா என்று வணிகருக்குக் கோபம். கூட வந்தவர் ‘ஐரென்’ என்று தெற்கத்திச் சொல்லைப் போட்டுக் கேட்ட பிறகுதான் அம்மாவுக்கு விளங்குகிறது. எக்ஸ் என்று எழுதுவதா, ஐரென் என்று எழுதுவதா என்று காக்ஸ்டன் அங்கே அலுத்துக்கொள்கிறார். கடைசியில் அவரும் அவருக்குப் பின் வந்தவர்களும் லண்டன் வட்டாரத்தையும் அரசு அலுவலக எழுத்தர்களின் வழக்கத்தையும் ஒட்டியே போனார்கள். காக்ஸ்டன் பல ஆண்டுகள், இன்றைய பெல்ஜியத்தில் உள்ள ப்ரூஜ் நகரில் இருந்தவர். டச்சுப் பக்கத்து அச்சு வழக்கமும் அவரோடு கூடவே வந்தது. பேயைக் குறிக்கும் ‘கோஸ்ட்’டில் ஜி-க்குப் பின்னால் ஒரு ஹெச் நிற்கிறதே, அது அப்படி நுழைந்ததுதான். வாத்துக்கும் ஆட்டுக்கும்கூட அந்த ஹெச்-ஐப் போட்டுப் பார்த்தார்கள். அவை உதறிவிட்டன, பேயை மட்டும் விடவில்லை.

நேரம்தான் சரியில்லை. அச்சு வந்து ஸ்பெல்லிங் இறுகத் தொடங்கிய அதே சமயத்தில் உயிரொலிகள் தடம் மாறிக்கொண்டிருந்தன. ஏறத்தாழ 1400 முதல் 1700 வரை நீடித்த இந்த மாற்றத்தில் நெடில்கள் எல்லாம் இடம்பெயர்ந்தன. ‘நாம’ என்றிருந்தது நேம் ஆனது. ‘ஹூஸ்’ ஹவுஸ் ஆனது, ‘டீம’ டைம் ஆனது. எழுத்துகளின் பெயர்களே தப்பவில்லை. இன்று ஏ, இ, ஐ என்று நாம் சொல்லும் மூன்றும் அன்று ஆ, ஏ, ஈ. ஐரோப்பாவின் மற்ற மொழிகள் பெரும்பாலும் அந்தப் பழைய மதிப்பிலேயே நிற்கின்றன. இங்கிலாந்துக்காரர்கள் ஒலியை நகர்த்திக்கொண்டு எழுத்தைப் பழைய இடத்திலேயே விட்டுவிட்டார்கள்.

இதுவரை சொன்னதில் யார் மீதும் குற்றமில்லை. டெட்டின் கதை வேறு, அது திட்டமிட்டுச் செய்த குறும்பு. அந்தச் சொல் பிரெஞ்சிலிருந்து வரும்போது பி இல்லாமல்தான் வந்தது. லத்தீன் மோகம் தலைக்கேறிய பண்டிதர்கள், மூலச்சொல் ‘டெபிடும்’ ஆயிற்றே என்று பேபி பி-யை உள்ளே செருகினார்கள். சந்தேகத்தைக் குறிக்கும் ‘டவுட்’டுக்கும் இதே கதி. அன்றைக்கே இதைக் கேலி செய்திருக்கிறார்கள்: 1598-இல் அச்சான ஷேக்ஸ்பியரின் ‘லவ்ஸ் லேபர்ஸ் லாஸ்ட்’ நாடகத்தில் ஒரு வாத்தியார், டெட்டில் பி-யை உச்சரிக்காதவர்களைக் கண்டு கொதிக்கிறார். ரசீதைக் குறிக்கும் ‘ரிஸீட்’டில் பேப்பர் பி-யைச் சேர்த்தவர்கள், அதே வேரிலிருந்து வந்த ‘டிஸீட்’, ‘கன்ஸீட்’ இரண்டையும் சேர்க்காமல் விட்டுவிட்டார்கள். அரைகுறை வேலை! தீவைக் குறிக்கும் ‘ஐலண்ட்’டில் உள்ள எஸ் இன்னும் மோசம். அது அசல் பழைய ஆங்கிலச் சொல், லத்தீனோடு ஒட்டும் இல்லை உறவும் இல்லை. பிரெஞ்சு வழி வந்த ‘ஐல்’ என்ற சொல்லைச் சொந்தம் என்று நினைத்து அதன் எஸ்-ஐ இதற்கும் மாட்டிவிட்டார்கள். உங்கள் கோபத்தை இங்கே காட்டுங்கள், நியாயம்.

சட்டமா? அதையும் முயன்றார்கள். 1949-இல் மான்ட் ஃபாலிக் என்ற தொழிற்கட்சி உறுப்பினர் ஸ்பெல்லிங் சீர்திருத்த மசோதாவை நாடாளுமன்றத்தில் கொண்டுவந்தார். ஆதரவு 84, எதிர்ப்பு 87. மூன்றே ஓட்டு! 1953-இல் மறுபடி வந்த மசோதா ஒரு கட்டம் தாண்டி, பிறகு திரும்பப் பெறப்பட்டது. அந்த முயற்சியின் தொடர்ச்சியாக 1961-இல் பள்ளிகளுக்கு ஒரு புதிய எழுத்துமுறை போனது: ஒலிக்கு ஓர் எழுத்தாக 44 எழுத்துகள். உருவாக்கியவர் ஜேம்ஸ் பிட்மன். நம்மூர் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டுகளில் பெயர் பெற்ற பிட்மன் ஷார்ட்ஹேண்டை உருவாக்கியவரின் பேரர்தான். குழந்தைகள் வேகமாகப் படித்தார்கள். சிக்கல் பின்னால் வந்தது. ஏழு வயது வாக்கில் சாதாரண ஸ்பெல்லிங்குக்கு மாற வேண்டும். கற்றதை மறந்து மறுபடி கற்க வேண்டும். பலருக்குப் பழைய எழுத்து விரலைவிட்டுப் போகவில்லை. 1970-களில் திட்டம் ஓய்ந்துவிட்டது.

சட்டம் தேறியிருந்தாலும் யார் உச்சரிப்பை எழுதுவது? லண்டன்காரர் விழுங்கும் ‘ர்’-ஐ ஸ்காட்லாந்துக்காரர் உருட்டிச் சொல்கிறார். ‘பாத்’ என்று லண்டனில் நீட்டுவதை லீட்ஸில் குறுக்குகிறார்கள். போதாததற்கு, கையெழுத்தைக் குறிக்கும் ‘ஸைன்’ உள்ளே அடங்கிக் கிடக்கும் ஜி ‘சிக்னல்’ என்னும்போது வாய் திறக்கிறது; ‘பாம்’ கடைசியில் வரும் பி ‘பம்பார்ட்’ என்னும்போது பேசுகிறது. ஊமை எழுத்தை வெட்டினால் இந்த உறவு கண்ணுக்குத் தெரியாது.

ஜி-ஹெச்-ஓ-டி-ஐ என்று எழுதி ‘ஃபிஷ்’ என்று படிக்கலாம் (இனஃபின் ஜி-ஹெச், விமனின் ஓ, நேஷனின் டி-ஐ) என்று ஒரு ஜோக் உலவுகிறதே, அதையும் மகளிடம் சொல்லாதீர்கள். நாடகாசிரியர் பெர்னார்ட் ஷா சொன்னதாக நம்புகிறார்கள். அவர் பிறந்தது 1856, ஜோக் 1855-ஆம் ஆண்டுக் கடிதத்திலேயே இருக்கிறது. ஜோக்கும் தப்பு. ஜி-ஹெச் சொல்லின் முதலில் வந்தால் ஒருபோதும் ‘ஃப்’ ஆகாது. டி-ஐ ‘ஷ’ ஆவது அடுத்து ஓர் உயிரெழுத்து வந்தால்தான், ‘நேஷன்’ மாதிரி. ஆங்கில ஸ்பெல்லிங்கில் எழுத்தைவிட அது நிற்கும் இடம்தான் முக்கியம்.

ஆகவே மகளுக்குச் சொற்களை ஒவ்வொன்றாக ஒப்பிக்க வைக்காதீர்கள், குடும்பமாகக் கொடுங்கள். முதலில் கே-என் ஜோடி: நீ, நைஃப், நாட் (முடிச்சு), நாக் (தட்டு), நோ (தெரிந்துகொள்). ஒரே நாளில் ஐந்தும் முடிந்துவிடும். அடுத்து டபிள்யூ-ஆர் ஜோடி: ரைட், ரிஸ்ட், ராங். பிறகு நைட், லைட், ஃபைட், ரைட் என்று ஜி-ஹெச் வரிசை. அந்த ‘எழுதும்’ ரைட்டையும் இந்த ‘சரியான’ ரைட்டையும் ஒரே நாளில் கொடுத்தால் இரண்டும் குழம்பும், நாலு நாள் இடைவெளி விடுங்கள். டெட், டவுட், ரிஸீட், ஐலண்ட் நாலுக்கும் விதி தேடிப் புண்ணியமில்லை. தனிச் சீட்டில் எழுதி மேஜைக்கு மேலே ஒட்டிவிடுங்கள்; டிக்டேஷனில் அவற்றை எழுதும்போது மட்டும் ஊமை எழுத்தையும் சேர்த்து ‘டெ-ப்-ட்’ என்று மனசுக்குள் சொல்லிக்கொள்ளச் சொல்லுங்கள்.