பயனீட்டாளர் கேள்வி-பதில்: மாதக்கணக்கில் நடக்கப் போகிறவர் முதலில் எதை வாங்குவது?

கேள்வி: நான் பாயான் லெப்பாஸில் உள்ள ஒரு தொழிற்சாலையில் பொறியாளராகப் பணிபுரிகிறேன். வயது 34. நியூசிலாந்தின் வடமுனையிலிருந்து தென்முனை வரை செல்லும் தெ அராரோவா பாதையை முழுவதும் நடந்து முடிக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. அடுத்த ஆண்டு அக்டோபர் இறுதியில் புறப்படுவதற்காக ஐந்து மாதச் சம்பளமில்லா விடுப்புக்கும் இசைவு பெற்றுவிட்டேன். இதற்கு முன் நான் தொடர்ச்சியாக நடந்தது அதிகம் போனால் மூன்று நாள்தான். ஜார்ஜ்டவுனில் மலையேற்றப் பொருள்கள் விற்கும் ஒரு கடையில் 31 பொருள்கள் கொண்ட பட்டியலைத் தந்து, மொத்தம் 7,900 ரிங்கிட் ஆகும் என்றும், இம்மாத இறுதிக்குள் எல்லாவற்றையும் சேர்த்து வாங்கினால் 15 விழுக்காடு தள்ளுபடி என்றும் கூறுகிறார்கள். வாங்கிவிடலாமா? (வாசகர், பாயான் பாரு)

பதில்: வேண்டாம். தள்ளுபடியாகக் கிடைப்பது 1,185 ரிங்கிட். முதுகுப்பையும் சப்பாத்தும் உங்கள் உடலுக்குப் பொருந்தாமல் போனால், அவற்றை மாற்றி வாங்குவதிலேயே அந்தத் தொகை கரைந்துவிடும். மூன்று நாள் நடந்த அனுபவம் மட்டும் உள்ள ஒருவருக்கு, தன் உடலுக்கு எது ஒத்துவரும் என்பது இன்னும் தெரிந்திருக்காது. அது தெரியும் முன்பே 31 பொருள்களையும் வாங்குவது, அளவெடுக்காமல் துணி தைக்கக் கொடுப்பதற்கு ஒப்பாகும்.

கடைக்குப் போகும் முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. மலேசியக் கடப்பிதழ் உடையவர்கள் விசா இல்லாமல், மின்னணுப் பயண அனுமதியை மட்டும் பெற்றுக்கொண்டு நியூசிலாந்தில் மூன்று மாதம் வரை தங்கலாம். ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர் நீளமுள்ள இப்பாதையை மூன்று மாதத்திற்குள் முடிப்பவர்கள் மிகவும் பழகிய கால்களை உடையவர்கள். நீங்கள் ஐந்து மாதம் என்று திட்டமிட்டிருப்பது சரியான கணக்கே. ஆனால் அதற்கு வருகையாளர் விசாவுக்கு முறையாக விண்ணப்பிக்க வேண்டும். அது கைக்கு வரும் முன், திருப்பித் தரப்படாத வகை விமானச் சீட்டை வாங்காதீர்கள். பயணக் காப்புறுதியிலும் இதே கவனம் தேவை. பல காப்புறுதித் திட்டங்கள் ஒரு பயணத்திற்கு இத்தனை நாள் என்று வரம்பு வைத்திருக்கின்றன, சிலவற்றில் மலைநடையே விலக்கப்பட்டிருக்கும். ஆகவே ஐந்து மாதமும், கூடாரத்தில் தங்கி நடக்கும் பல நாள் நடையும், ஹெலிகாப்டர் மீட்பும் அடங்குமா என்று எழுத்து மூலம் கேட்டு, பதிலையும் எழுத்திலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இனிப் பொருள்களுக்கு வருவோம். முதலில் சப்பாத்து. உங்கள் பட்டியலில் கணுக்கால் வரை உயர்ந்த, நீர்புகாத சவ்வு வைத்த சப்பாத்து ஒரு சோடிதான் இருக்கும் என்று எண்ணுகிறேன், ஏனெனில் கடைகள் பெரும்பாலும் அதைத்தான் முன்வைக்கின்றன. தெ அராரோவாவுக்கு அது பொருத்தமானதன்று. கேப் ரெயிங்காவில் பாதை தொடங்கியதும் ஏறத்தாழ முதல் 100 கிலோமீட்டர் கடற்கரை மணலில்தான் நடக்க வேண்டும். தென் தீவிலோ, பாலமில்லாத ஆறுகளைச் சப்பாத்தைக் கழற்றாமல் கடக்க வேண்டிய இடங்கள் பல. நீர்புகாத சவ்வு வெளியிலுள்ள நீரைத் தடுக்கும். மேல் விளிம்பு வழியாக உள்ளே புகுந்த நீரையும் அதே சவ்வு வெளியே விடாது. ஈரத்தில் ஊறிய தோலோடு மணலும் சேர்ந்தால் கொப்புளம் நிச்சயம். தைப்பூசத்தையொட்டி இரவில் கோலாலம்பூர் மகா மாரியம்மன் ஆலயத்திலிருந்து பத்துமலை வரை இரதத்தைத் தொடர்ந்து நடந்தவர்களுக்கு, ஒரே இரவு நடை பாதத்தை என்ன செய்யும் என்பது தெரியும். நீங்கள் அதை நாள் தவறாமல் ஐந்து மாதம் செய்யப் போகிறீர்கள். எனவே விரைவில் உலரக்கூடிய, துணி வலை மேற்புறமுள்ள, எடை குறைந்த மலைப்பாதை ஓட்டச் சப்பாத்தையே வாங்குங்கள். அது பொதுவாக 500 முதல் 800 கிலோமீட்டர் வரைதான் உழைக்கும். வழிநெடுக நான்கைந்து சோடிகள் தேவைப்படும் என்பதை இப்போதே செலவுக் கணக்கில் சேர்த்துவிடுங்கள். ஆனால் அவை அனைத்தையும் இங்கேயே வாங்கிக் கொண்டுபோக வேண்டாம்; நெடுநடையில் பல வாரங்களுக்குப் பிறகு பாதம் வீங்கி விரிந்து, ஓர் அளவு கூடிப் போவது பலருக்கும் நேர்வது. இரண்டாம் சோடி முதல் அங்கேயே வாங்கினால், அந்நாட்டின் 1993-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் உத்தரவாதச் சட்டமும் உங்களுக்குத் துணை நிற்கும். முதல் சோடியை மாலை வேளையில், நடக்கும்போது அணியப்போகும் காலுறையையே போட்டுக்கொண்டு அளவு பாருங்கள். இறக்கத்தில் நிற்பதுபோல் முன்னே சாய்ந்து நிற்கும்போது பெருவிரல் முனையில் இடிக்கக் கூடாது.

நம் நாட்டு மலைவழிகாட்டிகள் பலர், தோட்டப்புறத்தில் மரம் சீவப் போகிறவர்கள் அணியும் கறுப்பு ரப்பர் சப்பாத்தையே இன்றும் அணிந்து காட்டுக்குள் செல்கிறார்கள். 'கம்போங் அடிடாஸ்' என்று நாம் அழைக்கும் அந்தச் சப்பாத்து சேற்றில் அருமையாகப் பிடிக்கும், மிக மலிவு. பயிற்சிக்கு அதுவே போதும். ஐந்து மாத நடைக்கு மட்டும் அதை நான் சொல்லமாட்டேன், ஏனெனில் குதிகாலுக்கு வேண்டிய மெத்தைத்தன்மை அதில் இல்லை.

சப்பாத்து வாங்கியதும் வேறு எதையும் வாங்காமல் இரண்டு மாதம் நடங்கள். பினாங்குத் தாவரவியல் பூங்கா அருகிலிருந்து கொடிமலைக்குச் செல்லும் ஜீப் சாலை ஏறத்தாழ 5 கிலோமீட்டர் நீளமும், மூச்சு வாங்கும் செங்குத்தும் உடையது. வாரத்திற்கு இருமுறை அதில் ஏறி, ரயிலில் இறங்காமல் கால்நடையாகவே இறங்குங்கள். முழங்காலின் உண்மையான நிலை இறக்கத்தில்தான் தெரியும். பழைய பள்ளிப்பையில் முதலில் 5 கிலோ அரிசி, பிறகு 8, பிறகு 12 என்று ஏற்றிக்கொண்டே போங்கள். பிறகு இரவல் கூடாரத்தோடு தெலுக் பஹாங் தேசியப் பூங்காவில், உரிய அனுமதியைப் பெற்று, ஓர் இரவு தங்கிப் பாருங்கள். இந்தப் பயிற்சியின் முடிவில் பட்டியலில் உள்ள 31 பொருள்களில் எவை உங்களுக்கு வேண்டாதவை என்பதை நீங்களே அடித்துவிடுவீர்கள்.

முதுகுப்பையைக் கடைசியாக வாங்குங்கள். கடைக்காரர்கள் இதற்கு நேர்மாறாக, முதலில் 65 லிட்டர் பையை எடுத்துக் காட்டுவார்கள். பெரிய பை வாங்கினால் அதை நிரப்பும் ஆசையும் கூடவே வரும். கூடாரம், உறக்கப்பை, படுக்கைப்பாய், உடை, அடுப்பு ஆகியவை சேர்ந்த பிறகு, அவற்றையெல்லாம் ஓர் அட்டைப்பெட்டியில் போட்டுக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போய், எந்தப் பையில் அடங்குகின்றனவோ அந்தப் பையை வாங்குங்கள். உணவும் நீரும் நீங்கலாக மொத்த எடை 8 கிலோவைத் தாண்டக் கூடாது என்பது என் கருத்து. தென் தீவின் ரிச்மண்ட் மலைத்தொடரைப் போன்ற பகுதிகளில் ஒரு வாரத்திற்கும் மேலாகக் கடையே எதிர்ப்படாது. நாளொன்றுக்கு 750 கிராம் வீதம் எட்டு நாள் உணவே 6 கிலோ ஆகிவிடும். பையின் அளவு உங்கள் உயரத்தைப் பொறுத்ததன்று. தலையைக் குனியும்போது கழுத்தின் அடியில் துருத்தும் எலும்பிலிருந்து இடுப்பெலும்பின் மேல்விளிம்பு வரை உள்ள முதுகின் நீளமே கணக்கு. கடையிலேயே 10 கிலோவுக்கு மேல் எடை ஏற்றி, அரை மணி நேரம் நடந்து பார்க்கக் கேளுங்கள். பாரத்தின் பெரும்பகுதி இடுப்புப் பட்டையில் இறங்க வேண்டும். தோள் வலித்தால் அந்தப் பை உங்களுக்குரியதன்று. நடந்து பார்க்க அனுமதிக்காத கடையில் பை வாங்க வேண்டாம்.

ஒவ்வொரு பொருளை வாங்கும்போதும், எந்தப் பயன்பாட்டுக்காக வாங்குகிறீர்கள் என்பதை வாய்விட்டுச் சொல்லி, முடிந்தால் பற்றுச்சீட்டிலும் எழுதி வாங்குங்கள். மலேசியாவின் 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, நாம் தெரிவித்த நோக்கத்திற்குப் பொருள் ஏற்றதாக இருக்க வேண்டும் என்பது, விற்பவர் எழுதித் தராவிட்டாலும் விற்பனையில் அடங்கிய உட்கிடையான உத்தரவாதமாகும். "விற்ற பொருள் திருப்பிப் பெறப்படாது" என்று பலகை மாட்டிவைப்பதால் இந்த உரிமை அற்றுப்போகாது. அதே வேளையில், குறையில்லாத பொருளை மனம் மாறித் திருப்பிக் கொடுக்கும் உரிமையை இச்சட்டம் தரவில்லை. கடைக்காரர் தாமாக இசைந்தால் மட்டுமே அது நடக்கும்.

கேள்வி: இரண்டாண்டுகளுக்கு முன் 640 ரிங்கிட்டுக்கு மலையேற்றச் சப்பாத்து வாங்கினேன். மூன்று முறைதான் அணிந்தேன். மற்ற நாள்களில் பெட்டியிலேயே பத்திரமாக வைத்திருந்தேன். நெடுநடைக்குப் பயிற்சியாகச் சென்ற மாதம் நுவாங் மலையில் இறங்கும்போது இரண்டு அடிப்பாகங்களும் பெயர்ந்து, மாவுபோல் உதிர்ந்துவிட்டன. ஆறு மாத உத்தரவாதம் முடிந்துவிட்டது என்று கடையில் கைவிரிக்கிறார்கள். (வாசகி, செந்தூல்)

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. 1,493 மீட்டர் உயர மலையிலிருந்து வெறுங்காலோடு இறங்குவது உயிருக்கே ஆபத்து. ஆனால் சப்பாத்து கெட்டது, நீங்கள் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்தும் அன்று, வைத்திருந்ததால்தான். பல மலையேற்றச் சப்பாத்துகளின் நடு அடுக்கு பாலியூரித்தேன் என்னும் நுரைப்பொருளால் ஆனது. காற்றிலுள்ள ஈரம் அதன் வேதிப் பிணைப்புகளை மெல்ல அறுத்துக்கொண்டே இருக்கும். வெப்பமும் ஈரமும் மிகுந்த நம் நாட்டில் அது இன்னும் விரைவாக நடக்கும். அடிக்கடி அணியும்போது நுரை அழுந்தி ஈரம் வெளியேறும், அடைத்து வைத்தால் அது உள்ளேயே தங்கிவிடும். காரின் பின்பெட்டியில் வைப்பது இன்னும் மோசம். கடையின் கிடங்கில் அது எத்தனை ஆண்டு கிடந்தது என்பதும் இதில் சேரும். ஆகவே வாங்கும்போது நாக்குப் பகுதியின் உட்புறச் சீட்டில் உற்பத்தித் தேதியைத் தேடுங்கள். பழைய சரக்கு பாதி விலைக்குக் கிடைத்தாலும் நெடுநடைக்கு அதை வாங்காதீர்கள்.

பணத்தைப் பொறுத்தவரை, கடையின் ஆறு மாத உத்தரவாதம் முடிந்ததோடு சட்டத்தின் பாதுகாப்பும் முடிந்துவிடுவதில்லை. விற்கும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்றும், அத்தரத்தில் பொருளின் நீடித்த உழைப்பும் பாதுகாப்பும் அடங்கும் என்றும் மேற்சொன்ன 1999-ஆம் ஆண்டுச் சட்டமே கூறுகிறது. 640 ரிங்கிட் சப்பாத்து மூன்று முறையில் உதிர்வது அத்தரமா என்ற கேள்வியை நீங்கள் எழுப்பலாம். முதலில் படங்களோடும் பற்றுச்சீட்டோடும் கடைக்குக் கடிதம் எழுதி, 14 நாள் அவகாசம் கொடுங்கள். பலன் இல்லையென்றால் மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 5 ரிங்கிட் கட்டணம் செலுத்தி மனுச் செய்யலாம். 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கிறது; வழக்கறிஞர் தேவையில்லை. கோரிக்கை எழுந்த நாளிலிருந்து மூன்றாண்டுகளுக்குள் செல்ல வேண்டும் என்பதால் தள்ளிப் போடாதீர்கள். இரண்டாண்டு கழிந்துவிட்டதால் முழுத் தொகையும் கிடைக்கும் என்று நான் உறுதி கூறமாட்டேன். ஒரு பகுதியாவது கேட்டுப் பெறுவதற்கு இடமுண்டு.

மழைச்சட்டை, கூடாரம் ஆகியவற்றின் உட்புறப் பூச்சும் பெரும்பாலும் இதே பொருள்தான். கையில் பிசுபிசுவென்று ஒட்டி, புளித்த வாடை வீசினால் அது கெடத் தொடங்கிவிட்டது என்று பொருள். முழுதும் உலர்த்திய பிறகு, இறுகச் சுருட்டாமல் தளர்வாகத் தொங்கவிட்டு வையுங்கள்.

கேள்வி: இணையத்தில் "மைனஸ் 10 பாகை" என்று எழுதிய உறக்கப்பை 180 ரிங்கிட்டுக்குக் கிடைக்கிறது. தெ அராரோவாவுக்குப் போதுமா? (வாசகர், பட்டர்வொர்த்)

பதில்: அந்த எண் எந்த எண் என்பதைக் கேளுங்கள். அனைத்துலகத் தர அளவீட்டில் சுகமான உறக்கத்துக்கு ஒன்று, சமாளிக்கக்கூடிய எல்லைக்கு ஒன்று, உயிர் பிழைக்கும் நிலைக்கு ஒன்று என மூன்று முக்கிய எண்கள் உண்டு. விளம்பரத்தில் பெரிதாக அச்சிடப்படுவது பல வேளைகளில் மூன்றாவது எண்ணாகும். அக்குளிரில் அந்தப் பையில் எவரும் உறங்க முடியாது. சுக எண்ணை மட்டும் பார்த்து வாங்குங்கள். பாதையின் மிக உயர்ந்த இடமான ஸ்டாக் சாடில் 1,925 மீட்டர் உயரமுடையது, தென் தீவின் மலைகளில் கோடையிலும் பனி விழும். வெப்ப நாட்டில் வளர்ந்த நமக்குச் சுக எண் 0 பாகையாகவோ அதற்குக் குறைவாகவோ இருக்க வேண்டும். அதோடு, தரையின் குளிரைத் தடுக்கும் படுக்கைப்பாய்க்கும் தனியாகப் பணம் ஒதுக்குங்கள். உடலின் எடையில் அமுங்கிய உறக்கப்பைக்கு அடிப்பக்கம் வெப்பத்தைத் தக்கவைக்கும் ஆற்றல் இல்லை. வெளிநாட்டு விற்பனையாளரிடம் இணையத்தில் வாங்கும் 500 ரிங்கிட்டுக்கு உட்பட்ட பொருள்களுக்கு 2024 ஜனவரி முதல் 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு என்பதையும், தகராறு வந்தால் அவரை இங்குள்ள நடுவர் மன்றத்திற்கு வரவழைப்பது மிகக் கடினம் என்பதையும் விலையோடு சேர்த்து எண்ணிப் பாருங்கள்.

கேள்வி: விமானத்தில் எவற்றைக் கொண்டுபோகக் கூடாது? (அதே வாசகர்)

பதில்: அடுப்புக்கான எரிவாயுக் குப்பியை எந்தப் பெட்டியிலும் வைக்கக் கூடாது, சென்று சேர்ந்த ஊரில் வாங்கிக்கொள்ளுங்கள். பவர் பேங்க் கைப்பையில் மட்டுமே வர வேண்டும், விமான நிறுவனத்தின் தனி இசைவு இல்லாமல் 100 வாட்-மணியைத் தாண்டக் கூடாது. 20,000 மில்லி ஆம்பியர்-மணி உள்ளது ஏறத்தாழ 74 வாட்-மணிதான் என்பதால் தடையில்லை. ஊன்றுகோலும் கூடார முளைகளும் விமான நிலையத்தில் பதிந்து அனுப்பும் பெட்டிக்குள் போகட்டும். சப்பாத்திலும் கூடாரத்திலும் ஒட்டியுள்ள மண்ணை ஒரு துகள்கூட இல்லாமல் கழுவி, முற்றிலும் உலர்த்தி, நியூசிலாந்தில் இறங்கும்போது பயன்படுத்திய மலையேற்றப் பொருள்கள் உள்ளன என்று படிவத்தில் அறிவியுங்கள். ஆபத்து விளைவிக்கக்கூடிய பொருளை அறிவிக்கத் தவறினால் அங்கேயே 400 நியூசிலாந்து டாலர் அபராதம் விதிக்கப்படும்.